அயல்நாட்டுப் பூச்சி ஆபத்தும் பல நாட்டார் ஒத்துழைப்பும்

பயிர்த்தொழிலுக்கு நேரும் ஆபத்துக்கள் பலவகைப்படும். மழை பொய்த்தல், பெருவெள்ளம், புயல் ஆகியவை யாவர் கண்ணுக்கும் தெரிந்து வருவன. அவற்றுக்கு முன்னறிவிப்பும் உண்டு. நிவாரண விதிகளும் உண்டு. ஆனால் கடல் கடந்து, ஒருவர் கவனத்திலும் படாமல் வந்து குடியேறி, ஓரிரண்டு போகங்களில் ஒரு பிர்க்காவின் பயிர்களையே பாழாக்கிவிடும் பூச்சிகளின் ஆபத்தோ அத்தன்மையதன்று. அது கிராமத்திற்குள் நுழையும் நாளில் அதை ஆபத்து என்றே எவரும் அறிவதில்லை. அறிந்து கொள்ளும் நாளிலோ அது வேரூன்றி விடுகின்றது. ஆகையால், இவ்வகை நெருக்கடியை எதிர்கொள்ளும் முறையைப் பற்றி மிராசுதார்களும் குடியானவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியமாகும்.

திருப்பூர் ஜில்லாவில் உள்ளோருக்கு இது வெகுவாகப் பொருந்தும். இங்கே நெய்து தைக்கும் பனியன் தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாக உலகெங்கும் செல்கின்றது. பண்டம் போகும் பாதையில் பண்டம் வரவும் செய்யும். பண்டத்தோடு பூச்சியும் வரும். பஞ்சு வியாபாரத்தில் இதை முன்னோர் உணர்ந்தே இருந்தனர். அமெரிக்கப் பஞ்சு மூட்டையோடு காய்க்கூன் வண்டு இந்நாட்டுக்குள் வந்துவிடலாகாது என்று, அப்பஞ்சைப் பம்பாய்த் துறைமுகத்தில் நச்சுப் புகையூட்டிய பின்னரே உள்ளே விட்டனர். இதற்கு ஆதாரம் 1914-ஆம் ஆண்டின் நாசகாரப் பூச்சிகள் சட்டம். சென்னை இராஜதானியில் 1919-ஆம் ஆண்டிலேயே பயிர்ப்பூச்சி, நோய்ச் சட்டம் ஒன்று தனியாக இயற்றப்பட்டது. கம்போடியாப் பருத்திச் செடிகளைக் குறித்த காலத்திற்குள் பிடுங்கிவிட வேண்டும் என்று கோயமுத்தூர்ப் பிரதேசத்துக் குடியானவர்களுக்கு உத்தரவிடப்பட்டது அச்சட்டத்தின்படியே ஆகும்.

பழைய உதாரணங்கள்

அயல்நாட்டிலிருந்து வந்த சனியனை, அதன் தாய்நாட்டிலிருந்தே வருவித்த பகைவனைக் கொண்டு அடக்குவது நமக்குப் புதிய காரியமன்று. சப்பாத்திக் கள்ளியின் வரலாறு இதற்குச் சான்று. அமெரிக்காவைச் சேர்ந்த அக்கள்ளி ஒரு காலத்தில் கொங்கு நாட்டுப் புறம்போக்குகளையும் வேலிகளையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடிக் கிடந்தது. வெட்டினால் வெட்டிய துண்டெல்லாம் வேர்விட்டது. 1926-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து ஒரு செதிற்பூச்சியை வருவித்து அக்கள்ளியின்மீது விட்டார்கள். சில ஆண்டுகளில் கள்ளிக் காடுகள் மக்கி விழுந்தன. வெண்பஞ்சு போன்ற பூச்சியை நம்மவர் இன்றும் கள்ளிப்பூச்சி என்று வழங்குவது இந்த நினைவினால்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 1795-ஆம் ஆண்டிலேயே பிரேஸில் நாட்டிலிருந்து இதே இனத்துப் பூச்சி ஒன்று இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டிருந்தது. சாயம் எடுக்கும் பூச்சி என்று தவறாக எண்ணி அதைக் கொணர்ந்தார்கள். சாயமும் கிடைக்கவில்லை, அப்பூச்சி ஒருவகைக் கள்ளியை மட்டும் தின்று, மற்றவகையைத் தொடாமல் விட்டது. இனம் பிரித்தறியும் அறிவு இல்லாவிடில் வந்த உதவியும் பயன்படாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

பப்பாளி மாவுப்பூச்சி வந்த விதம்

அண்மைக் காலத்தில் நம் பகுதி கண்ட பெரிய நெருக்கடி, பப்பாளி மாவுப்பூச்சியால் நேர்ந்ததாகும். இதன் தாயகம் மெக்ஸிக்கோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே இயற்கைப் பகைவர்கள் நிறைந்திருப்பதால் இப்பூச்சி ஒரு பொருட்டாகக் கருதப்படவே இல்லை. 1955-ஆம் ஆண்டில் மெக்ஸிக்கோவில் சேகரித்து வைக்கப்பட்ட இப்பூச்சிக்கு 1992-ஆம் ஆண்டிலேதான் சாஸ்திரப் பெயர் சூட்டப்பட்டது. பின்னர் அது கரீபியன் தீவுகளிலும், 1998-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும், 2002-இல் பசிபிக் சமுத்திரத்திலுள்ள குவாம் தீவிலும் தோன்றிற்று. 2008-இல் இந்தோனேஷியாவிலும் இலங்கையிலும் காணப்பட்டது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் கோயமுத்தூரில் இருப்பதும் கண்டறியப்பட்டது. இதைக் கண்டறிந்து வெளியிட்ட குழுவினருள் ஒருவரான பூச்சியியல் அறிஞர் ஆர். முனியப்பன், குவாம் தீவில் பல்லாண்டுகள் பணிபுரிந்தவர். ஒரு நாட்டின் அனுபவம் மற்றொரு நாட்டிற்கு உதவிய முதற்படி இதுவாகும்.

2008-ஆம் ஆண்டில் திருப்பூர் தனி ஜில்லாவாக இருக்கவில்லை. உடுமலைப்பேட்டையும் பல்லடமும் கோயமுத்தூரைச் சேர்ந்திருந்தன. தாராபுரமும் காங்கயமும் ஈரோட்டைச் சேர்ந்திருந்தன. 2009-இல் ஜில்லா அமைந்தபோது அதனோடு இப்பூச்சியும் கூடவே வந்து சேர்ந்தது எனலாம். பப்பாளித் தோட்டங்கள் முதலில் பாழாயின. இலைகளின் அடியிலும் காய்களின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்மை படர்ந்தது. அதன்மேல் வழிந்த தேன்போன்ற கழிவில் கரும்பூசணம் பிடித்தது. காய்கள் பழுக்குமுன் உதிர்ந்தன, மரங்கள் பட்டுப்போயின. அடுத்து மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கத்தரி, கொய்யா, செம்பருத்தி என்று பரவியது. பார்த்தீனியக் களைச்செடியிலும் ஏராளமாகக் குடியேறியபடியால், தரிசு நிலமும் வண்டிப்பாதையும் இதற்குக் களஞ்சியங்கள் ஆயின.

உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் பக்கத்துப் பட்டு விவசாயிகளின் நிலை மிகவும் இரங்கத்தக்கதாயிற்று. மல்பெரியில் துக்ரா என்னும் நோயை உண்டாக்கும் வேறொரு மாவுப்பூச்சி முன்பே உண்டு. நுனிக்குருத்துச் சுருங்கினால் கிள்ளி எடுத்துவிடுவது வழக்கம். புதிய பூச்சியோ குருத்தோடு நில்லாமல் இலை, தண்டு யாவற்றையும் மூடிற்று. மருந்து தெளித்தால் அந்த இலையைப் பட்டுப்புழுவுக்குப் பல நாள் போட இயலாது. தெளிக்காவிடில் இலையே இல்லை. தட்டில் புழுவை வைத்துக் கொண்டு இலையில்லாமல் தவிப்பது இன்னதென்று பட்டு வளர்ப்பவர்களே அறிவார்கள். பலர் தோட்டத்தை அழித்து வேறு பயிர் வைத்தனர்.

மருந்து பலிக்காமற் போன காரணம்

ஒரு பெண்பூச்சி, தன் உடலுக்குக் கீழே பஞ்சுபோன்ற பையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகின்றது. முட்டைகள் மெழுகு இழைகளுக்குள் பத்திரமாக இருப்பதால் தெளிக்கும் மருந்து அவற்றை எட்டுவதில்லை. முட்டையிலிருந்து வெளிப்படும் இளங்குஞ்சுகள் காற்றினாலும், ஆட்களின் துணியினாலும், கூடைகளாலும், நாற்றுக்களாலும் பரவுகின்றன. கழிவுத் தேனை விரும்பும் எறும்புகள் இப்பூச்சிகளைக் காவல் காக்கின்றன. வாரம் ஒருமுறை மருந்தடித்தும் மறுமாதம் பழைய நிலையே திரும்புவதைக் கண்டவர்கள் மருந்தின் அளவை உயர்த்தினார்கள். அதனால் நேர்ந்த பலன், மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகளும் மற்ற நன்மைப் பூச்சிகளும் மாண்டதேயாகும். செலவு ஏறிற்று, பூச்சி குறையவில்லை.

குளவி வந்த வழி

அமெரிக்க விவசாய இலாகாவினர் 1999-ஆம் ஆண்டு முதலே மெக்ஸிக்கோவில் இப்பூச்சியின் இயற்கைப் பகைவர்களைத் தேடி, சிலவகை ஒட்டுண்ணிக் குளவிகளைக் கண்டெடுத்து, போர்ட்டோ ரிக்கோ தீவில் வளர்த்து வந்தனர். அவற்றைக் குவாமில் விட்டபோது ஓராண்டிற்குள் மாவுப்பூச்சி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வீதம் குறைந்தது. பலாவ் தீவிலும் அவ்வாறே பலன் கிட்டிற்று. நமது அண்டை நாடாகிய இலங்கை 2009-இல் அக்குளவியைப் பெற்றுக்கொண்டது.

இந்தியா 2010 ஜூலையில் மூன்று வகைக் குளவிகளைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெற்றது. அவை பெங்களூரிலுள்ள தேசிய விவசாயப் பூச்சிகள் நிறுவனத்தில் தனிக்காவலில் வைத்து வளர்க்கப்பட்டன. மாவுப்பூச்சியைத் தவிரப் பிற நன்மைப் பூச்சிகளுக்கு அவற்றால் தீங்கு நேருமா என்று பரிசோதித்த பிறகே வெளியே விட அனுமதி தரப்பட்டது. 2010 அக்டோபர் முதல் அவை வயல்களில் விடப்பட்டன. மூன்றனுள் நமது சீமைக்கு மிக நன்றாக ஒத்துவந்தது அசெரோபேகஸ் பப்பாயே என்னும் குளவியாகும்.

இக்குளவி கடுகினும் சிறியது. மனிதரையும் கால்நடையையும் கொட்டாது. பெண்குளவி, இளம் மாவுப்பூச்சியைத் தேடிப் பிடித்து அதன் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே பொரித்த புழு, பூச்சியைத் தின்று வளரும். பூச்சி பழுப்பு நிறமாகி உப்பி, கெட்டியான கூடாகிவிடும். அதில் துளையிட்டுப் புதிய குளவி வெளிவரும். இவையனைத்தும் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் முடிகின்றன. மாவுப்பூச்சியின் ஒரு தலைமுறைக்கோ ஏறக்குறைய ஒரு மாதம் ஆகின்றது. பகைவன் இரண்டு முறை பெருகும் காலத்தில் பூச்சி ஒருமுறையே பெருகினால் வெற்றி யாருக்கு என்பதைக் கணக்கறிந்த எவரும் சொல்லிவிடலாம்.

பயிற்சியின் பங்கு

பெங்களூருக்கு வந்த குளவி, தாராபுரத்துத் தோட்டத்திற்குத் தானாக வந்துவிடாது. நடுவிலே பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும், வேளாண் அறிவியல் நிலையங்களும், பட்டு வளர்ப்பு இலாகாவினரும், மைசூரிலுள்ள மத்திய பட்டு ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இவ்வேலையைப் பங்கிட்டுக் கொண்டனர். குளவியை வளர்க்க முதலில் மாவுப்பூச்சியை வளர்க்க வேண்டும். அதற்கு முளைவிட்ட உருளைக்கிழங்கை உபயோகித்தனர். கிழங்கின் முளைகளில் பூச்சியை ஏற்றி, கூண்டில் வைத்து, அதன்மேல் குளவியை விட்டுப் பெருக்கும் இம்முறைக்குப் பெரிய இயந்திரங்கள் வேண்டுவதில்லை. சுத்தமும், பொறுமையும், ஒழுங்கான கணக்கும் இருந்தால் போதும்.

களத்தில் வேலை செய்வோர் கற்றுக் கொண்டவை மூன்று. முதலாவது, பப்பாளி மாவுப்பூச்சியைப் பருத்தி மாவுப்பூச்சியினின்றும் துக்ராப் பூச்சியினின்றும் பிரித்தறிதல். இரண்டாவது, குளவியை வெயில் தாழ்ந்த வேளையில், பூச்சி மிகுந்த செடிகளில், மருந்து தெளிக்காத தோட்டத்தில் விடுதல். மூன்றாவது, இரண்டு மூன்று வாரங்கள் கழித்து அதே செடிக்கு மீண்டும் சென்று, பழுப்புக் கூடுகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தல். இவற்றுள் மூன்றாவதே கடினமானது. ஏனெனில் குளவியை விட்ட பிறகு மருந்தடிக்காமல் பொறுத்திருக்கும்படி குடியானவரை இணங்கச் செய்ய வேண்டியிருந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் மருந்தடித்தாலும் இந்தத் தோட்டத்துக் குளவி குறையும். ஆதலால் தனி மனிதரை இணங்கச் செய்தால் போதாது. ஊரை இணங்கச் செய்ய வேண்டும். இங்கே கிராம உத்தியோகஸ்தர்களின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு, இலாகா ஊழியரின் சொல்லுக்கு இருப்பதில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பலன்

2011-ஆம் ஆண்டில் நிலைமை மாறிவிட்டது. குளவி விட்ட இடங்களில் மட்டுமின்றி, விடாத இடங்களிலும் அது தானே பரவி மாவுப்பூச்சியை அடக்கிற்று. மல்பெரித் தோட்டங்கள் மீண்டும் தழைத்தன. பப்பாளி நட அஞ்சியவர்கள் மறுபடியும் நட்டார்கள். 2014-இல் வெளியான ஒரு பொருளாதார ஆராய்ச்சி, இம்முயற்சியால் இந்தியாவுக்கு ஐந்தாண்டுகளில் கிட்டும் ஆதாயத்தை 52 கோடியே 40 லட்சம் டாலர் முதல் 134 கோடி டாலர் வரை என மதிப்பிட்டது. குளவிக்காகக் குடியானவர் ஒரு காசும் செலவிடவில்லை என்பதையும், மறுபோகத்திற்கு அதை மீண்டும் வாங்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும்.

ஆயினும் இவ்வரலாற்றில் ஒரு குறையும் உண்டு. பூச்சி கண்டறியப்பட்டது 2008 ஜூலை. குளவி வயலுக்கு வந்தது 2010 அக்டோபர். இடைப்பட்ட இரண்டு ஆண்டு மூன்று மாதங்களில் தோட்டங்கள் அழிந்தன. மருந்துக் கடன் ஏறிற்று. அந்நியப் பூச்சியை நாட்டுக்குள் கொணர்வதற்கு முன் பரிசோதனை நடத்துவது அவசியமே, அதை அவசரப்படுத்தலாகாது. ஆனால் பூச்சியை இனங்காண்பதிலும், இருப்பிடத்தைக் கணக்கெடுப்பதிலும், ஆட்களைப் பழக்குவதிலும் காலத்தைச் சுருக்கலாம். அது நமது கையில் உள்ளது.

பின்னர் வந்தவை

அதற்குப் பிறகும் விருந்தாளிகள் வருவது நிற்கவில்லை. 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ காணப்பட்டது. அது விரைவில் உடுமலைப்பேட்டை, பல்லடம், காங்கயம் தென்னந்தோப்புக்களுக்கும் பரவிற்று. இம்முறை அதன் பகைவனாகிய என்கார்சியா குளவி, எவரும் வருவிக்காமல் தானே கூடவந்திருந்தது. ஆகையால் மருந்தடிக்க வேண்டாம் என்பதே முதல் யோசனையாயிற்று. மஞ்சள் நிற ஒட்டும் பொறிகளைக் கட்டுவது, ஓலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சுவது, கரும்பூசணத்தின்மேல் லிட்டருக்கு 25 கிராம் வீதம் மைதாக் கஞ்சி தெளிப்பது ஆகிய எளிய முறைகளே சொல்லப்பட்டன.

2018 மே மாதத்தில் கர்நாடகத்தில் ஷிமோகா பகுதியில் மக்காச்சோளப் படைப்புழு தோன்றி, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டிற்குள்ளும் புகுந்தது. கோழித் தீவனத்திற்காக மக்காச்சோளம் மிகுதியாகப் பயிரிடும் உடுமலைப்பேட்டைச் சீமை அதனால் பெரிதும் நஷ்டமடைந்தது. இதன் தாயகமும் அமெரிக்காவே. 2016-இல் ஆப்பிரிக்காவில் நுழைந்து அங்கே பெருநாசம் விளைத்தது. ஆப்பிரிக்க அனுபவத்தைக் கொண்டு பல நாட்டு நிபுணர்கள் தயாரித்த கைநூல் 2018 தொடக்கத்திலேயே வெளியாகியிருந்தது. புழுவின் தலையில் தலைகீழான கவை போன்ற கோடும், பின்பகுதியில் சதுரமாக நான்கு புள்ளிகளும் இருக்கும் என்ற அடையாளத்தை நம் ஊழியர்கள் விரைவில் கற்றுக்கொள்ள முடிந்தது. மாவுப்பூச்சிக் காலத்தில் இத்தகைய முன்னறிவு களத்திற்கு எட்டியிருக்கவில்லை.

2020-இல் கேரளத்தில் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, பிறகு தமிழ்நாட்டு மரவள்ளியையும் தாக்கிற்று. இப்பூச்சி 1970-ஆம் ஆண்டுகளில் ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானவர்களின் உணவைக் கெடுத்தது. 1981-இல் தென்னமெரிக்காவின் பராகுவே நாட்டில் இதன் பகைக்குளவி கண்டெடுக்கப்பட்டது. அதைக் கொண்டு ஆப்பிரிக்க மரவள்ளியைக் காத்த முயற்சிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெர்ரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து நம்மவர் வருவித்து, 2022-இல் சேலம் ஜில்லா ஏத்தாப்பூரில் வயலில் விட்டனர். பராகுவேயில் பிறந்து, ஆப்பிரிக்காவில் வளர்ந்து, ஏத்தாப்பூரில் வேலை செய்யும் இந்தக் குளவியே பல நாட்டார் ஒத்துழைப்புக்குச் சிறந்த சாட்சி.

இனி செய்ய வேண்டியவை

பெரிய நிறுவனங்கள் தத்தம் கடமையைச் செய்யும். கிராமத்தில் நாம் செய்யக்கூடியவை வருமாறு:

1. இதுவரை கண்டிராத பூச்சியோ சேதமோ தென்பட்டால், அதைப் பழைய பெயரிட்டு அலட்சியம் செய்யாமல், அன்றே விவசாய விரிவாக்க மையத்திற்குத் தெரிவிக்க வேண்டும். உழவர் அழைப்பு மையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-1551.

2. மாதிரியைக் கொண்டு வருவோர், பூச்சியுள்ள இலையைக் காகிதத்தில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் இட்டு, நன்றாகக் கட்டிக் கொண்டுவர வேண்டும். திறந்த கூடையில் கொண்டுவருவது வழியெல்லாம் விதைத்து வருவதற்கு ஒப்பாகும்.

3. எந்த நாள், எந்தச் சர்வே எண், எந்தப் பயிர், எத்தனை சென்ட் என்பவற்றைக் கிராம உத்தியோகஸ்தர்கள் தனி ஏட்டில் குறித்து வைக்க வேண்டும். பயிர் அடங்கல் எழுதச் செல்லும்போதே இதைச் செய்யலாம். குளவியை எங்கே முதலில் விடுவது என்பதும், நிவாரணம் யாருக்கு என்பதும் இந்தக் கணக்கையே பொறுத்தவை.

4. பூச்சி பிடித்த நாற்று, போத்து, மரவள்ளிக் கரணை ஆகியவற்றை வேற்றூருக்குக் கொடுக்கவும், வேற்றூரிலிருந்து வாங்கவும் கூடாது. வெளிநாடு சென்று திரும்புவோர், செடி, விதை, பழம் ஆகியவற்றை அனுமதியின்றிக் கொண்டுவரலாகாது.

5. வரப்பிலும் பாதையோரத்திலும் உள்ள பார்த்தீனியத்தைப் பூக்குமுன் பிடுங்கிவிட வேண்டும்.

6. மாவுப்பூச்சி கண்டவுடன் கொடிய மருந்தை எடுக்காமல், பழுப்புக் கூடுகள் உள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும். கூடுகள் இருந்தால் குளவி வேலை செய்கின்றது என்று அறிந்து பொறுத்திருக்க வேண்டும். இல்லையேல், பட்டுக்கு இலை பறிக்காத பயிர்களில் லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் வீதம் மீனெண்ணெய் ரோசின் சோப்பைக் கரைத்துத் தெளிக்கலாம்.

7. பயிற்சி வகுப்பு நடக்கும்போது ஊருக்கு இரண்டு பேரையாவது அனுப்ப வேண்டும். அவர்களுள் ஒருவர் படித்த இளைஞராகவும், மற்றொருவர் அன்றாடம் தோட்டத்தில் இறங்கி வேலை செய்பவராகவும் இருத்தல் நலம். பூச்சியை முதலில் காண்பவர் பெரும்பாலும் இலை பறிக்கும் பெண்மக்களே. அவர்களை விட்டுவிட்டு நடத்தும் பயிற்சி அரைப்பயிற்சியே ஆகும்.

அறியாமையால் தோன்றும் பீதியும் ஓர் ஆபத்துதான். 2020 மே மாதத்தில் வடநாட்டில் பாலைவன வெட்டுக்கிளிப் படை வந்த செய்தி கேட்டு, கிருஷ்ணகிரி ஜில்லாவில் எருக்கஞ்செடியை மொய்த்த வெட்டுக்கிளிகளைக் கண்டு ஜனங்கள் கலங்கினர். நிபுணர்கள் சென்று பார்த்து, அவை எருக்கைத் தின்னும் உள்ளூர் வெட்டுக்கிளிகளே என்று தெளிவுபடுத்தினர். இனங்காணத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால், வேண்டாத மருந்துச் செலவும் வீண் அச்சமும் மிச்சமாகும்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பது பழமொழி. பூச்சியாகிய வெள்ளத்திற்கு அணை, கூர்ந்து பார்க்கும் கண்ணும், உடனே சொல்லும் வாயும், எழுதி வைக்கும் கையுமே. அடுத்த பூச்சி எந்த நாட்டிலிருந்து எந்தப் பண்டத்தோடு வரும் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் அது வரும் நாளில் அதன் பகைவனை அறிந்தவர் உலகில் எங்கேனும் இருப்பார். அவருக்கு நமது செய்தி இரண்டு ஆண்டுகளில் எட்டுவதா, இரண்டு வாரங்களில் எட்டுவதா என்பது நமது கிராமத்து வரப்பில்தான் தீர்மானமாகும். குடியானவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் இதை மனத்திற்கொண்டு, தத்தம் ஊரில் இன்றே ஏற்பாடுகளைத் தொடங்குவார்களென எதிர்பார்க்கின்றோம்.